தத்துப்பூச்சியின் பேச்சைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: இருட்டறையில் கேட்க ஓர் ஒலிப்படைப்பு செய்துகொண்டிருக்கிறேன். இறக்கையை உரசிப் பாடும் சுவர்க்கோழி எல்லார் படைப்பிலும் வந்துவிட்டது, எனக்கே அலுத்துவிட்டது. வயிற்றை அதிரவைத்துச் செடித்தண்டு வழியாகவே பேசிக்கொள்ளும் தத்துப்பூச்சிதான் வேண்டும். சாதாரண மைக்கில் ஒன்றுமே விழவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: விழாது. அந்த அதிர்வு காற்றுக்கு வருவதே அபூர்வம். அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்ன பீசோ வட்டைத் தண்டில் ஒட்டிப் பாருங்கள். உள்ளீட்டு மின்தடை அதிகமுள்ள ப்ரீஆம்ப் (பதிவுக்கு முன் சிக்னலைப் பெருக்கும் கருவி) கட்டாயம், இல்லாவிட்டால் தாழ்ந்த சுரங்கள் காணாமல் போகும். இவற்றின் பேச்சோ பெரும்பாலும் அங்கேதான். தண்டு ரொம்ப மெல்லியது என்றால் வட்டின் எடையே அதிர்வை அமுக்கிவிடும், அப்போது தண்டைத் தொடாமலே ஒளியால் அளக்கும் லேசர் அதிர்வுமானிதான் கதி (விலையைக் கேட்காதீர்கள்). அப்புறம், மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

பதில் 2: பதிவு சரி, அதை ஏன் ஸ்பீக்கரில் போடவேண்டும்? ஒலி சிக்னலை அதிர்வாக மாற்றும் டிரான்ஸ்டியூசரை மரமேசைக்கு அடியில் பொருத்துங்கள். வருகிறவர் முழங்கையை ஊன்றிக் காதைப் பொத்தினால் எலும்பு வழியே கேட்கும். பூச்சியும் காலால்தானே கேட்கிறது!

கேட்டவர்: மேசை யோசனை பிடித்திருக்கிறது. ஆண் அழைக்க, பெண் பதில் சொல்லும் வகைகள் உண்டே. இரண்டு மேசை போட்டு, அழைப்பு ஒன்றில், பதில் மற்றதில். நடுவில் விழும் இடைவெளியை மட்டும் வெட்டாமல் அப்படியே விடப்போகிறேன்.