டிஸ்டிங்க்ட் போட்டால் போதுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பார்த்தவர், ஒரே பில் மூன்று தடவை வருகிறது என்று புகார் வந்ததும் எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) செலக்ட்டுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் காட்டும் டிஸ்டிங்க்ட்டைப் போட்டு முடித்துவிட்டார். பட்டியல் என்னவோ சுத்தமாகத்தான் தெரிந்தது, விற்பனை மொத்தம் மட்டும் எங்கேயோ எகிறி நின்றது. குற்றவாளி, இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின். பில்லோடு பேமெண்ட் டேபிளைச் சேர்த்திருக்கிறார், 12,000 ரூபாய் பில்லைக் கடைக்காரர் மூன்று தவணையில் கட்டினால் அது மூன்று வரியாகி, சம் போட்டுக் கூட்டினால் 36,000 ஆகிவிடுகிறது. இன்னொரு ரிப்போர்ட்டில் சம்முக்குள்ளேயே டிஸ்டிங்க்ட் வைத்திருந்தார், அது இதைவிட மோசம்: இரண்டு பில்லுக்குத் தொகை ஒன்றாக இருந்துவிட்டால் ஒன்றைத்தான் கூட்டும். பேமெண்ட்டை முதலில் பில் எண் வாரியாக குரூப் பை செய்து ஒற்றை வரியாக்கி, அப்புறம் ஜாயின் செய்தேன். டிஸ்டிங்க்ட்டுக்கே வேலை இல்லாமல் போனது. பணம் வந்ததா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்கிற இடத்தில், பொருந்தும் வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் போட்டேன்.

*

ப்ரோ, எங்கள் டீமுக்குப் புதிதாக வருபவர்கள் டிஸ்டிங்க்ட்டுக்கு அடுத்து ஒரு ஃபீல்டை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அந்த ஃபீல்டுக்கு மட்டும் வேலை செய்யும் என்று நம்புகிறார்கள். அது முழு வரியையும்தான் ஒப்பிடும். வாடிக்கையாளருக்கு ஒரு வரி, அதுவும் கடைசி ஆர்டர் மட்டும் வேண்டுமென்றால், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடும் ரோ நம்பர்தான்: பார்ட்டிஷன் பை வாடிக்கையாளர் எண், ஆர்டர் பை தேதி இறங்கு வரிசை, அதில் 1 வந்ததை மட்டும் எடுப்பது. தேதியோடு ஆர்டர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே தேதியில் இரண்டு ஆர்டர் இருந்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், சொன்ன ஃபீல்டுக்கு ஒரு வரி மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் ஆன் இருக்கிறது, சுருக்கமாக முடியும். மைஎஸ்கியூஎல் 5.7-இல் ரோ நம்பர் கிடையாது, 8.0 வேண்டும்.

*

இது தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு. ஒரு நூலகத்தின் உறுப்பினர் பட்டியலில் டிஸ்டிங்க்ட் போட்ட பிறகும் ‘கோமதி’ இரண்டு. முன்னும் பின்னும் ஸ்பேஸ் இருக்குமோ என்று டிரிம் செய்தும் போகவில்லை. லெங்த் போட்டுப் பார்த்தால் ஒன்று 5, மற்றது 6! ஒருவர் ‘ோ’ என்பதை ஒரே குறியீடாக அடித்திருக்கிறார், இன்னொருவரின் கீபோர்டு இரட்டைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடித்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் போட்டதும் ஒன்றாகிவிட்டது. ஆனால் கௌசல்யாவை ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ளகரத்தையே அடித்து வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. ‘கெள’ வரும் இடமெல்லாம் ‘கௌ’ என்று ரீப்ளேஸ் போடலாம் என்றால் ‘கெளுத்தி’ கௌத்தி... இல்லை, ‘கௌுத்தி’ என்று ஏதோ ஆகிவிடும். உட்கார்ந்து கையால்தான் திருத்தினோம்.

*

எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை அண்ணா, வேண்டிய வரி காணாமல் போனது. இரண்டு கிளைகளின் விற்பனையை யூனியன் போட்டுச் சேர்த்திருந்தார்கள், எடுத்ததோ பொருள், எண்ணிக்கை, விலை மூன்று ஃபீல்டு மட்டும். யூனியனும் ஒரே மாதிரி வரிகளில் ஒன்றைத்தான் வைக்கும், அதனால் இரண்டு பேர் தனித்தனியாக அதே சோப்பு ஒன்று வாங்கியிருந்தால் கணக்கில் ஒரு சோப்புதான். எல்லா வரியையும் அப்படியே வைக்கும் யூனியன் ஆல் என்று மாற்றியதும் கல்லாவும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போயின.