புதுப்பிப்பு: பெரணி இலையடியில் பழுப்புப் புள்ளிகள்

தொட்டிப் பெரணியின் இலையடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, செதில் பூச்சியா என்று முன்பு கேட்டிருந்தேன். பூச்சி இல்லை, ஸ்போர் பைகள், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்தூள் இருக்கும் பைகள்! நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்பே இல்லை, பொடியாக உதிர்ந்தது.

அந்த இலையைக் காகித உறையில் போட்டு வைத்து, கொட்டிய தூளை, வெந்நீர் ஊற்றி ஆறவைத்த தென்னைநார்த் தூளில் தூவி, பிளாஸ்டிக் டப்பாவை மூடிவிட்டேன். முதலில் பாசி பிடித்தது போல வெறும் பச்சை. இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதய வடிவத்தில் குட்டிக் குட்டித் தகடுகள், அவ்வளவு அழகு! ஸ்போரிலிருந்து முதலில் முளைப்பவை இவைதான், பெரணிச் செடி இனிமேல்தான் வரும். இவற்றின் அடியில்தான் ஆண், பெண் உறுப்புகள் இருக்கும். ஆண் அணு நீந்திப் போய்ச் சேர மெல்லிய நீர்ப்படலம் வேண்டும், அதனால் அவ்வப்போது ஆறிய வெந்நீர் தெளிக்கிறேன். மூடியை இப்போதைக்கு எடுப்பதாக இல்லை. முதல் இலை சுருள் விட்டதும் படம் போடுகிறேன்.