மூணாவது படிக்கிற பையன் எழுத்துக்கூட்டவே திணறுறான், வீட்ல எப்படிச் சொல்லிக்குடுக்கிறது?

கோபி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் பையனுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறான். அ முதல் ஃ வரைக்கும் கடகடன்னு சொல்லுவான், க ங ச வரிசை மொத்தமும் பாட்டு மாதிரி ஒப்பிப்பான், ஆனா புத்தகத்த எடுத்து ஒரு வரி படிடான்னா முதல் எழுத்தப் பாத்துட்டு மிச்சத்த அவனா யூகிச்சு சொல்றான். சொல்வதெழுதுதல்ல பத்துக்கு ரெண்டு, மூணு. ஸ்கூல்ல கேட்டா வீட்ல கவனிக்கிறதில்லன்னாங்க, அந்த வார்த்தை ரொம்ப வலிச்சுது. தப்பான வார்த்தைய இருபது இருபது தடவ எழுத வெச்சேன், அழுதுகிட்டே எழுதுறான், அடுத்த நாள் திரும்ப அதே தப்பு. கதை சொன்னா அவ்ளோ அழகா கேட்டு திருப்பிச் சொல்றான், அதனால புத்தி இல்லாம இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

ஒண்ணாப்பு டீச்சர்:
அம்மா, முதல்ல அந்த இருபது தடவைய நிறுத்திடுங்க. அவன் கடைசியா தப்பா எழுதின வார்த்தை ஒரு பத்து பன்னெண்டு அப்படியே இங்க போடுங்க, திருத்தாம. எத்தன தப்புங்கிறது முக்கியமில்ல, என்ன மாதிரி தப்புன்னு பாக்கணும்.

கோபி அம்மா:
நேத்து எழுதினதுங்க டீச்சர். இலைக்கு எலை, குடைக்கு கொடை, இடத்துக்கு எடம், பக்கம்ங்கிறதுக்கு பகம், பட்டம்ங்கிறதுக்கு படம், மரம்ங்கிறதுக்கு மர, வண்டிக்கு வன்டி, பந்துக்கு பன்து, காற்றுக்கு காத்து, பணத்துக்கு பனம். கொக்குன்னு எழுத கெகு.

ஒண்ணாப்பு டீச்சர்:
இதுல பாதி தப்பே இல்லம்மா, நிஜமா சொல்றேன். எலை, கொடை, எடம், காத்து எல்லாம் காதுல விழுந்தத அப்படியே எழுதியிருக்கான். நாம வீட்ல 'எலைய எடு', 'கொட எங்க'ன்னுதான பேசுறோம். மரம்னு சொல்லும்போதும் கடைசி ம் மூக்குலயே கரைஞ்சு போகுது, அதான் மர. அப்ப ஒலியக் கேட்டு எழுத்தாக்குற வேல அவனுக்கு நடக்குது, பேச்சு வேற எழுத்து வேறன்னுதான் யாரும் சொல்லல. நான் என் கிளாஸ்ல 'வீட்டுக் குரல், புத்தகக் குரல்'னு ரெண்டு வெச்சிருக்கேன். வீட்டுக் குரல்ல எலை, புத்தகக் குரல்ல இலை. எழுதுறதுக்கு முன்னாடி புத்தகக் குரல்ல ஒரு தடவ சத்தமா சொல்லணும். வெலை விலை, ஒலகம் உலகம், நேத்து நேற்று, காத்து காற்றுன்னு ஜோடி ஜோடியா விளையாடுங்க. பத்து, முத்து மாதிரி சிலது ரெண்டு குரல்லயும் அப்படியேதான் இருக்கும், அதையும் சொல்லிடுங்க, இல்லன்னா பற்றுன்னு எழுதிட்டு வருவான். நீ பேசுறது தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

பகம், படம் ரெண்டும் வேற சிக்கல், புள்ளி. புள்ளி வெச்ச எழுத்து அவன் காதுல தனியா விழல. புளியங்கொட்டை கொஞ்சம் எடுத்துக்கங்க, ஒரு எழுத்துக்கு ஒரு கொட்டை. ப, க், க, ம்னு நாலு வைக்கணும், புள்ளி எழுத்துக்கு மட்டும் கொட்டைக்குப் பதிலா சின்னக் கல்லு. படம், பட்டம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எதுல ஒரு கல்லு அதிகம்னு கேளுங்க, அவனே கண்டுபிடிப்பான். நான் பாத்த வரைக்கும் இதுக்குத்தான் நிறைய நாளாகும், அவசரப்படாதீங்க.

கெகுவுல துணைக்கால் விட்டுப்போச்சு, புள்ளி எழுத்தும் போச்சு. யோசிச்சுப் பாருங்க, கொ சொல்லும்போது வாய்ல க்தான் முதல்ல வருது, எழுதும்போது கொம்புல்ல முதல்ல வருது, அப்புறம் க, அப்புறம் கால். சின்னப் புள்ளைக்கு இது பெரிய குழப்பம். கெ, கே, கொ, கோ நாலையும் அட்டையில வெட்டி, கொம்பு தனி க தனி கால் தனின்னு குடுத்து அவன் கையால சேக்க விடுங்க.

ரிட்டயர்ட் தமிழய்யா:
டீச்சர் சொல்வது நல்லதுதான். ஆனால் 247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் பண்ணாமல் தமிழ் வராது என்பது என் அனுபவம். நாங்கள் மணலில் எழுதித்தான் படித்தோம்.

ஒண்ணாப்பு டீச்சர்:
ஐயா, மணல்ல எழுதுறத நானும் விடல, விரல் ஓடுற ஓட்டம் மனசுல நிக்குது. ஆனா இந்தப் பையன் வரிசைய ஏற்கெனவே ஒப்பிக்கிறான், பாட்டா வருது, நடுவுல இருந்து ஒரு எழுத்தக் காட்டினா வரல. 216 உயிர்மெய்ல ஙி ஙீ ஙு எல்லாம் எந்தப் பாடத்துலயும் அவன் பாக்கப் போறதில்லயே. அதுக்குப் பதிலா ட, ப, ம, க, த, ல னு அடிக்கடி வர்றத முதல்ல எடுத்து அன்னைக்கே வார்த்தை படிக்க வெச்சா, படிக்கிறதுன்னா இதுதான்னு புரிஞ்சிடும். உகர வரிசையையும் உருவம் பாத்துப் பிரிச்சுக்கலாம், து நு லு று ஒரு கூட்டம், கு டு மு ரு ஒரு கூட்டம், சு பு யு வு ஒரு கூட்டம்.

ரிட்டயர்ட் தமிழய்யா:
உகர வரிசையை அப்படிப் பிரிப்பது சரியான முறை, ஏற்கிறேன். ண ன ந குழப்பத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன் அம்மா. பழைய வாத்தியார்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்றுதான் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தப் பெயரிலேயே விதி இருக்கிறது. ட வுக்கு முன்னால் ண், வண்டி நண்டு. ற வுக்கு முன்னால் ன், கன்று ஒன்று. த வுக்கு முன்னால் ந், பந்து சந்தை. வண்டி என்று சொல்லும்போது நாக்கு ட இருக்கிற இடத்திலேயே மடங்கி நிற்பதைப் பையனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன்டா மாதிரி பேச்சில் ஒட்டுவதை இதில் சேர்க்காதீர்கள். சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும், ண ன வராது. ல வரும், ள ழ வராது. பணம், மணல் போன்றவற்றுக்கு விதி உதவாது, கண்ணால் பழகத்தான் வேண்டும். இன்னொன்று, வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக்காட்டுகிறார்களா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் லை, னை, ணா, றா எல்லாம் பழைய உருவத்தில் எழுதுவோம். என் பேத்தி என் கையெழுத்தைப் பார்த்துக் குழம்பியதால் சொல்கிறேன்.

மதுரை ஸ்பெஷல் டீச்சர்:
நான் வட்டார வள மையத்துல சிறப்பாசிரியரா இருக்கேன். மேல சொன்னதெல்லாம் சரி, ஒரே ஒரு விஷயம் சேக்கணும். முதல்ல கண்ணும் காதும் செக் பண்ணிடுங்க, போர்டு தெரியாமயே ரெண்டு வருஷம் திட்டு வாங்கின புள்ளைங்கள பாத்திருக்கேன், மனசு ஆறல. அப்புறம் ஒரு மூணு நாலு மாசம் தினம் பதினஞ்சு நிமிஷம் இப்படி உக்காந்தும் கொஞ்சங்கூட நகரலன்னா கற்றல் குறைபாடு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கிறதுல, எழுதுறதுல வர்ற குறைபாடு, இருந்தா புத்தி கம்மின்னு அர்த்தமே இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேந்திருக்கு, ஆனா சான்றிதழ் எட்டு வயசு ஆனாத்தான் தருவாங்க, உதவிய அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாம். உங்க ஏரியா வள மையத்துலயே கேளுங்க, சென்னைப் பக்கம் இருக்கவங்களுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கு.

அரசுப் பள்ளின்னா எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை வெச்சிருப்பாங்க, பையன் எந்த நிலைன்னு கேளுங்க. அரும்புன்னு சொன்னா மூஞ்சி சுருங்க வேணாம், எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரியுதேன்னு எடுத்துக்கங்க.

இன்னொரு வழி, அவன் கதை நல்லா சொல்றான்னு எழுதியிருக்கீங்கல்ல, அவன் சொல்ற கதைய நீங்க நாலே வரி பெரிய எழுத்துல புத்தகக் குரல்ல எழுதி அதையே படிக்க வைங்க. சொந்தக் கதைன்னா விட்டுட்டுப் போக மாட்டான். யூகிச்சா திட்டாம, விரல அந்த வார்த்தை மேல வெச்சு 'கடைசி எழுத்து வரைக்கும் பாரு'ன்னு மட்டும் சொல்லுங்க.

கோபி அம்மா:
மூணு வாரம் கழிச்சு வர்றேன்ங்க. கண்ணு, காது பாத்தோம், ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துல மொட்டுன்னு சொன்னாங்க. புளியங்கொட்டை விளையாட்டு அவனே எடுத்துட்டு வந்து உக்கார்றான், தங்கச்சிக்கு டீச்சர் ஆயிட்டான். ண்ட, ன்ற, ந்த மூணும் பிடிச்சிருச்சு. கொம்பு இன்னும் தடுமாறுது. முந்தாநேத்து பஸ் ஸ்டாண்டுல போர்டப் பாத்து 'கவுந்தபாடி'ன்னு படிச்சான், நான் ஒண்ணுமே சொல்லல, அவனா நின்னு 'இல்லம்மா, நடுவுல ஒரு கல்லு இருக்கு, கவுந்தப்பாடி'ன்னான். பஸ் கிளம்பிப் போயிருச்சு, அடுத்த வண்டிலதான் போனோம்.

டீச்சர், ல ள ழ வாய்லயே எங்க வீட்ல யாருக்கும் சரியா வராது, வாளப்பளம்னுதான் சொல்றோம். அதுக்கு என்ன பண்றதுங்க?

ஒண்ணாப்பு டீச்சர்:
படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சும்மா. ழ வுக்கு நீங்களும் அவன் கூடவே உக்காந்து பழகணும். நுனி நாக்க மேல வளைச்சு, மேலண்ணத்துல ஒட்டவிடாம தடவுற மாதிரி இழுத்துச் சொல்லுங்க, ள னா மடிச்சு ஒட்டணும், ல னா பல்லு கிட்ட. கண்ணாடி முன்னாடி ரெண்டு பேரும் மழை, மலை, பழம், பள்ளம் நாலே வார்த்தை, தினம் ரெண்டு நிமிஷம். வாய்ல வர்ற வரைக்கும் எழுத்துல வாழை, பழம், மழை, ஏழுன்னு ஒரு சின்ன லிஸ்ட் சுவத்துல ஒட்டிடுங்க, பாத்துப் பாத்து எழுதட்டும்.