சமைக்காத உணவு: தங்கைக்கு மாதவிலக்கு நின்றிருக்கிறது, இது கழிவு நீக்கம்தானா?

கொடிவேரி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோபி பக்கம் இருந்து எழுதறேன். என் தங்கச்சிக்கு 26 வயசு. முகப்பருவுக்கும் எடைக்கும் சேர்த்து போன வருஷம் ஒரு இயற்கை உணவு முகாமுக்குப் போனா. வந்ததுல இருந்து அடுப்புல ஏத்துன எதையும் தொடறதில்லை. காலையில எலுமிச்சை தேன் தண்ணி, அப்புறம் வெண்பூசணிச் சாறு. மத்தியானம் தேங்காய்த் துருவல், கேரட், முளைகட்டுன பச்சைப்பயறு, முளைகட்டுன வெந்தயம். ராத்திரி பூவன்பழமும் பேரீச்சையும். பால், தயிர், மோர் ஒண்ணும் கிடையாது.

முதல் மூணு மாசம் பார்த்தவங்க எல்லாம் அசந்துட்டாங்க. முகம் தெளிஞ்சுது, மலச்சிக்கல் போச்சு, 57 கிலோ 50-க்கு வந்துது. இப்ப 42 கிலோ. உயரம் 158 செ.மீ. அஞ்சு மாசமா வீட்டுக்குத் தூரமே ஆகலைங்க. முடி கொத்துக் கொத்தா வருது, வெயில்லயும் குளிருதுங்கறா. அவங்க குழுவுல கேட்டா, "கழிவு இல்லாத உடம்புக்கு மாதவிலக்கு தேவைப்படாது, நல்ல அறிகுறி"ன்னு சொல்றாங்களாம். வலுக்கட்டாயமா சோறு ஊட்டவும் முடியலை, சும்மா இருக்கவும் மனசு வரலை. இதை வருஷக்கணக்கா சாப்பிட்டவங்க, கூட இருந்து பார்த்தவங்க யாராவது சொல்லுங்க.

இயற்கை_வழி:
சகோதரி, எனக்கு வயது 58. ஆறேழு வருடமாக இரண்டு வேளை சமைக்காத உணவுதான். சர்க்கரை மாத்திரையை டாக்டரே பாதியாகக் குறைத்தார், கொழுப்பும் இறங்கியது. என் அனுபவத்தில் உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். சத்துக் குறைவு என்று பயந்தால் ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசித் தூள்) சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்லைடு_கண்ணாடி:
அக்கா, நான் திண்டுக்கல்லில் லேப் டெக்னீசியன். என் அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இந்த உணவுக்கு மாறியவர். எழுபதைத் தாண்டியும் காலை, மதியம் இரண்டு வேளையும் இன்றும் அதுதான். அதனால் இதற்கு எதிரி ஒருவன் எழுதுகிறான் என்று தங்கை நினைக்க வேண்டாம்.

நேராகச் சொல்கிறேன், இது கழிவு நீக்கம் இல்லை. நீங்கள் சொன்ன எடை, உயரத்துக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 16.8 வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவுதான். உள்ளே வருகிற சக்தி போதவில்லை என்றால் மூளை முதலில் கைவைப்பது கருமுட்டை வேலையில். ஹார்மோன்களை ஏவுகிற மூளைப்பகுதியான ஹைபோதலாமஸ் அடங்கும், கருமுட்டையைத் தூண்டுகிற எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இறங்கும், கூடவே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் இறங்கும். ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் எலும்பு வலுவிழக்கும். இருபதுகளில் எலும்பு இன்னும் கெட்டிப்பட வேண்டிய வயது. குளிர், முடி உதிர்வு எல்லாம் இதே வழியில் வருவதுதான்.

ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தார் சமைக்காத உணவுக்காரர்கள் 513 பேரை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 3.7 வருஷம் இந்த உணவில் இருந்தவர்கள். பெண்களுக்குச் சராசரியாக 12 கிலோ இறங்கியிருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தவறியிருந்தது, சிலருக்கு அடியோடு நின்றிருந்தது. கிட்டத்தட்ட முழுக்கச் சமைக்காமலே சாப்பிட்டவர்களுக்குத்தான் இது அதிகம். ஆக, தங்கைக்கு நடப்பது புதுமையும் இல்லை, நல்ல அறிகுறியும் இல்லை.

இயற்கை_வழி ஐயா சொல்வதும் பொய்யில்லை. இதே உணவுமுறைக்காரர்கள் 201 பேரை வைத்து 2005-ல் வந்த ஆய்வில் கெட்ட கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் அதே ஆய்வில் நல்ல கொழுப்பும் குறைவு, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஹோமோசிஸ்டீன் உயர்வு, 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. லாபம் முதல் சில மாதங்களிலேயே கண்ணில் படும். நஷ்டம் வருஷம் கழித்து வரும். கல்லீரலில் இருக்கும் பி12 சேமிப்பு வருஷக்கணக்கில் தாங்குவதால், அது தீரும்வரை ஒன்றுமே தெரியாது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஒருநாள் அப்பா கடைவீதியிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் கவனித்தால், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறார், சுவரைப் பிடிக்கிறார். பாதம் எங்கே இருக்கிறது என்ற சேதி நரம்பு வழியாக மேலே போகவில்லை. கண் திறந்திருக்கும்வரை கண் அதை ஈடுகட்டுகிறது.

ரத்தம் எடுத்து மெஷினில் போட்டால் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 89, நார்மல். பி12 குறைந்தால் சிவப்பணு பெருக்க வேண்டும், எம்.சி.வி. ஏற வேண்டும். ஆனால் அப்பாவுக்கு இரும்பும் குறைவு, அது செல்லைச் சின்னதாக்கும். பெரியதும் சின்னதும் கலந்து சராசரி நடுவில் நிற்கிறது. செல்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும், பக்கத்தில் இருந்த ஆர்.டி.டபிள்யூ. மட்டும் எகிறியிருந்தது. சந்தேகப்பட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தேய்த்து (ஸ்மியர்), லீஷ்மேன் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் ஆயில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் உட்கரு வழக்கமாக மூன்று, நான்கு மடல்தான் இருக்கும். அங்கே ஆறு மடலோடு நின்றன, பி12 குறைவுக்கு அது ஓர் அடையாளம். பி12 கேட்டு அனுப்பினோம், 110 வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு.

டாக்டர் ஊசி எழுதினார். சில மாதத்தில் தள்ளாட்டம் நின்றது. உள்ளங்கால் மட்டும் இன்றைக்கும் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறதாம். நரம்பு நாள்பட்டுக் கெட்டால் முழுசாகத் திரும்பாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்பைருலினா பற்றி: அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி பி12. அதை நம்பி இருக்க வேண்டாம். அதேபோல் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தனியாகத் தொடங்க வேண்டாம். ரத்தசோகை சரியானது போலக் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். கீரை, பயறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலேயே அந்தச் சத்து (ஃபோலேட்) அதிகம், அவர்களுக்கும் இந்த மறைப்பு உண்டு.

மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை கேட்பார்கள், அது வழக்கம், தங்கை கோபப்பட வேண்டாம். பிறகு டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கு), ப்ரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி. மாதவிலக்கு இன்னும் தள்ளிப்போனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் சமைக்காத சைவ உணவுக்காரர்கள் 18 பேரைப் பார்த்தபோது முதுகெலும்பிலும் இடுப்பிலும் எலும்பின் அடர்த்தி குறைவாகவே இருந்தது. அதுவும் 2005-ல் வந்ததுதான்.

பல்_வைத்தியர்:
மேலே சொன்னதோடு ஒன்று. காலையில் எலுமிச்சைத் தண்ணி, பகல் முழுக்கப் பழம் என்று இருந்தால் எனாமல் அமிலத்தில் கரையும். கீசனிலேயே பல்லைப் பார்த்தவர்கள், சமைக்காத உணவுக்காரர்களில் 60.5 சதவீதம் பேருக்குக் கடுமையான அரிப்பு கண்ட பல் ஒன்றாவது இருந்ததாக 1999-ல் எழுதினார்கள். மற்றவர்களில் 31.6 சதவீதம். கரைந்த எனாமல் திரும்ப வளராது. எலுமிச்சை குடித்த கையோடு பல் துலக்க வேண்டாம், வெறும் தண்ணியில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது கழியட்டும். குளிர்ந்த தண்ணி பட்டுக் கூசுகிறதா என்று தங்கையைக் கேளுங்கள்.

கொடிவேரி:
கூசுதுன்னு சொல்றா! தம்பி எழுதுனதை அவகிட்டயே படிக்கக் கொடுத்தேன். செருப்புக் கதையைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை, அடுத்த நாள் அவளே டாக்டர்கிட்ட போலாம்னா. ரிசல்ட் வந்துருச்சு. ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் 6, பி12 168. தைராய்டு நார்மல். எல்.எச்., ஈஸ்ட்ரடியால் ரெண்டும் கம்மி. எடை ஏறுனாத்தான் மாதவிலக்கு வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பி12 ஊசி ஆரம்பிச்சாச்சு, இரும்பு மாத்திரையும் கொடுத்துருக்காங்க. தயிரும் ராத்திரி இட்லியும் சாப்பிட ஒத்துக்கிட்டா. மத்தியானம் பழையபடிதான் வேணுங்கறா. விடலாமா? முளைகட்டுன வெந்தயம் பச்சையாவே சாப்பிடலாமா?

ஸ்லைடு_கண்ணாடி:
ரொம்ப சந்தோஷம் அக்கா. மதியம் அவள் விருப்பப்படி இருக்கட்டும், அளவு மட்டும் கூடட்டும். வேர்க்கடலை, எள்ளுருண்டை, இன்னொரு கை தேங்காய். அவல் ஏற்கெனவே சூடு கண்டு வருகிற பொருள்தான். அதைச் சாப்பிடுகிறவள் என்றால் இட்லியும் மனசுக்குப் பாரமாக இருக்காது. இரும்பு மாத்திரையோடு நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக ஏறும். மாத்திரை விழுங்குகிற நேரத்தில் தயிர் வேண்டாம்.

முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாக வேண்டாம். 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் இருந்த ஈ.கோலை கிருமியால் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள், ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள், பலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. முளை வருகிற அந்தச் சூடும் ஈரமும் கிருமிக்கும் தோதான இடம், விதையோடு வந்தது தண்ணியில் கழுவினால் முழுக்கப் போகாது. இட்லிப் பானையில் ஆவி நன்றாகக் கிளம்பியதும் தட்டில் பரப்பி, உள்ளே வரை சூடேறும்படி வைத்து எடுத்துக் கொடுங்கள். பச்சைப்பயறுக்கும் அப்படியே.