ஐந்தரை அங்குல ரிம்மில் 205 டயரா?

அச்சாணி:
"ரிம் 15 அங்குலம், டயரும் 15 அங்குலம், இதில் என்ன யோசனை? 185/65 டயரைக் கழற்றிவிட்டு 205/60 மாட்டுங்கள்" என்று நெடும்பயணி நேற்று ஒருவருக்கு அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 15 என்பது விட்டம் மட்டுமே. 185, 205 என்பவை டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 65, 60 என்பவை பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. ரிம்மின் அகலம் எங்கே போயிற்று? கேட்டவருடைய ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம்!

நெடும்பயணி:
205/60 டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் 5.5 முதல் 7.5 வரை. டயர் அளவு அட்டவணையில் அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படவில்லையா, ஐயா? மொத்த விட்டமும் 621.5 மில்லிமீட்டரிலிருந்து 627 ஆகிறது, அவ்வளவுதான். டயர் தாங்கும் எடையைக் காட்டும் குறியீடு 88 இருந்த இடத்தில் 91 வருகிறது. 560 கிலோ தாங்கிய டயருக்குப் பதில் 615 கிலோ தாங்குவது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அச்சாணி:
எடையைப் பற்றி யார் கேட்டது? ஐந்தரை என்பது அந்தப் பட்டியலின் கீழ் எல்லை. வாசற்படியில் நிற்பவனை வீட்டுக்குள் இருக்கிறான் என்பீர்களா? அந்த டயருக்கு உரிய ரிம் ஆறு அங்குலம். குறுகிய ரிம்மில் பக்கச்சுவர் பிதுங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி சற்றுப் பிந்தித்தான் திரும்பும்.

கறுப்புவட்டம்:
எனக்கும் அதே கார்தான். டேப் வைத்து அளந்தேன், ஆறரை வருகிறது. ஐந்தரை என்பதே கட்டுக்கதை.

அச்சாணி:
வெளி விளிம்போடு சேர்த்து அளந்தால் ஆறரைதான் வரும். டயரின் ஓரம் உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவே அளக்க வேண்டும். ரிம்மிலேயே 5.5 ஜே என்று பொறித்திருக்கும்; 5.5 அகலம், ஜே விளிம்பின் வடிவம். படிக்கலாம், தப்பில்லை.

கறுப்புவட்டம்:
என் டேப் பொய் சொல்லாது. டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பும் விவகாரத்திலும் நீங்கள் இப்படித்தான் வகுப்பு எடுத்தீர்கள்.

அச்சாணி:
எடுத்தேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்றேன். அன்று பதில் சொல்லாமல் போனவர் நீங்கள்.

மழைமேகம்:
நடுவில் ஒரு சந்தேகம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

நெடும்பயணி:
முன்னால். இழுப்பதும் தேய்வதும் அதுதானே.

அச்சாணி:
பின்னால்! ஈரச் சாலையில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். இதுவும் தெரியாதவர்தான் ஐந்தரை ரிம்மில் 205 மாட்டச் சொல்கிறார்.

நெடும்பயணி:
அனுமதித்த அளவு என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். உங்கள் கோபத்துக்கு அட்டவணை மாறாது.

அச்சாணி:
எல்லையில் எழுதியிருக்கிறது, ஐயா. எல்லையில்!

மழைமேகம்:
அப்படியானால் முன்னாலா, பின்னாலா?

கறுப்புவட்டம்:
டேப்போடு படம் எடுத்துப் போடுகிறேன். ஆறரை.

அச்சாணி:
போடுங்கள். டயரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.