இழை: கான்செப்ட் ஆல்பத்துக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

செ. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மேற்கத்திய ராக் இசை வரலாறு பத்தின ஒரு பாடநூல மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை ஒரு அத்தியாயம் குடுத்தாகணும், ரஷ் குழுவோட '2112' பத்தினது. தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். கனடாக் குழு, மூணே பேர். கெடி லீ பாடிக்கிட்டே பேஸ் வாசிப்பாரு, அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார், நீல் பியர்ட் டிரம்ஸ், பாட்டு வரிகளும் பெரும்பாலும் பியர்ட்தான். 1975ல இவங்க போட்ட 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' விலை போகல. அந்தக் கச்சேரிப் பயணத்துக்கு அவங்களே 'டவுன் தி டியூப்ஸ்'னு, அதாவது 'எல்லாம் போச்சு'ன்னு, பேர் வெச்சுக்கிட்டாங்க, நிலைமை அவ்வளவு மோசம். இனிமே நீளப் பாட்டு வேணாம், ரேடியோவுல போடற மாதிரி சின்னதா குடுங்கன்னு ரெக்கார்டு கம்பெனி நெருக்குது. முடியறதுன்னா நம்ம இஷ்டப்படி முடியட்டும்னு 20 நிமிஷத்துக்கு மேல ஓடற ஒரே படைப்ப, ஏழு பகுதியா, தட்டோட முதல் பக்கம் முழுக்கப் போட்டாங்க. 1976ல வந்துச்சு, அதுதான் அவங்கள நிமிர்த்துச்சு. அமெரிக்காவுல பின்னாடி விற்பனையில மூணு பிளாட்டினம் வரைக்கும் போச்சு.

கதை இதுதான். 2112ஆம் வருஷம், கிரகங்கள் எல்லாம் 'சோலார் ஃபெடரேஷன்'ங்கற ஒரே ஆட்சிக்குக் கீழ. சிரிங்ஸ் கோயில்களோட குருமார் பெரிய கம்ப்யூட்டர்கள வெச்சுக்கிட்டு ஜனங்க என்ன படிக்கணும் என்ன கேக்கணும்னு முடிவு பண்றாங்க. ஒருத்தன் அருவிக்குப் பின்னாடி பழைய கிட்டார் ஒண்ணக் கண்டுபிடிக்கிறான், என்னன்னே தெரியாம மீட்டி மீட்டித் தானே கத்துக்கிறான், சந்தோஷமா குருமார்கிட்ட கொண்டு போறான், அவங்க அத நொறுக்கிடறாங்க. அப்புறம் ஒரு கனவு, அதுல இசையும் கலையும் இருக்கிற வேற உலகம். முழிச்சதும் இந்த உலகம் தாங்காம உயிர விட்டுடறான். கடைசியில கிரகங்களுக்கு எல்லாம் ஒரு அறிவிப்பு வருது, ஆட்சி எங்க கைக்கு வந்துடுச்சுன்னு. யாரு கைக்குன்னு சொல்லாமலே முடியுது.

அத்தியாயத்துல 'கான்செப்ட் ஆல்பம்', அதாவது ஒரே கருத்தையோ கதையையோ சுத்தி வர்ற பாட்டுத் தொகுப்பு, பக்கத்துக்குப் பக்கம் வருது. தலைப்புல ஆங்கிலச் சொல் கூடாதுன்னு பதிப்பாசிரியர் சொல்லிட்டாங்க. இப்போதைக்கு 'கருப்பொருள் இசைத்தொகுப்பு'னு போட்டு வெச்சிருக்கேன். சரியா?

அ. எழுதியது:

அம்மா, கருப்பொருள் வேண்டவே வேண்டாம். எல்லாரும் 'தீம்'ங்கற இடத்துல எல்லாம் கருப்பொருள்னு எழுதி எழுதி அந்தச் சொல்லையே பாழாக்கிட்டாங்க. தொல்காப்பியர் என்ன சொல்றார்? 'தெய்வம் உணாவே மாமரம் புட்பறை, செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ, அவ்வகை பிறவும் கருவென மொழிப'. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ், இதெல்லாம் கரு. பாட்டோட உள்ளீடு, அதாவது பிரிவு, இரங்கல், இருத்தல், இதெல்லாம் உரிப்பொருள். அப்படிப் பார்த்தா நீங்க சொன்ன கதையில அருவியும் கிட்டாரும் குருமார் கும்பிடற கம்ப்யூட்டரும்தான் கருப்பொருள், அந்தப் பையனோட ஏக்கம் உரிப்பொருள். ஒரு தட்டுக்குக் கருப்பொருள் தொகுப்புன்னு பேர் வெச்சா மரமும் பறவையும் தொகுத்ததுன்னு ஆகும்.

மு. எழுதியது:

ஐயா சொல்றது இலக்கணப்படி சரி, ஆனா இன்னிக்கு எந்தப் பையனும் கருப்பொருள்னா மரம் பறவைன்னு நினைக்க மாட்டான், பத்திரிகை எல்லாம் அம்பது வருஷமா அப்படித்தான் எழுதுது. அதே நேரம் 'கருத்துரு'ன்னு மட்டும் யாரும் கிளம்பிடாதீங்க. நான் அரசு அலுவலகத்துல இருக்கேன், எங்களுக்குக் கருத்துருன்னா மேலிடத்துக்கு ஒப்புதலுக்கு அனுப்பற புரொபோசல். 'கருத்துரு இசைத்தொகுப்பு'ன்னு படிச்சா இன்னும் ஒப்புதல் வராத பாட்டுன்னுதான் தோணும். 'ஒருபொருள் இசைத்தொகுப்பு'ன்னு வைங்க. ஒரே பொருளப் பத்தினது, அவ்வளவுதான், யாருக்கும் விளக்கவே வேண்டியதில்ல.

த. எழுதியது:

நான் கல்லூரியில இந்தப் பாடம் எடுக்கறவ, அதனால கேக்கறேன். பிள்ளைங்க யூடியூப்ல தேடறப்போ என்ன போட்டுத் தேடுவாங்க? கான்செப்ட் ஆல்பம்னுதான். கிட்டார கிட்டார்னே எழுதறோம், டிரம்ஸ டிரம்ஸ்னே எழுதறோம், இது மட்டும் ஏன் மாறணும்? செ. போட்ட முதல் வரைவ அனுப்பியிருந்தாங்க, அதுல 'முற்போக்கு வன்பாறை இசைக்குழு'ன்னு இருக்கு. முற்போக்குன்னா நம்ம ஊர்ல இடதுசாரி. இந்த ஆல்பத்தோட உறையிலயே பியர்ட் அய்ன் ராண்டோட மேதைமைக்கு நன்றி சொல்லியிருக்காரு, கதையும் அவங்களோட 'ஆந்தம்' குறுநாவல ஒட்டித்தான் போகுது, அங்க தடைபட்ட கண்டுபிடிப்பு மின்விளக்கு, இங்க கிட்டார். தனிமனிதவாதம் பேசற அந்த அம்மாவுக்கு நன்றி சொன்ன குழுவ முற்போக்குன்னு எழுதினா வகுப்புல முதல் கேள்வியே அதுதான் வரும். 'வன்பாறை' புவியியல் துறைக்காரங்க சொல்லு. ராக் இசையில இருக்கிற ராக் கல்லே இல்ல, ஆடறது அசையறதுங்கற வினை. புரோகிரஸிவ் ராக், ஹார்ட் ராக்னே எழுதுங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

அ. எழுதியது:

பாறையைத் தூக்கிடுங்க, அதுல எனக்கும் உடன்பாடுதான். ஆனா ஆல்பம் வேற கதை. அது இலத்தீன்ல வெள்ளைன்னு பொருள் தர்ற சொல்லுல இருந்து வந்தது, வெள்ளை பூசின அறிவிப்புப் பலகை, பிறகு வெற்றுத்தாள் கொண்ட ஏடு. 78 சுற்றுத் தட்டுக் காலத்துல ஒரு தட்டுல சில நிமிஷம்தான் அடங்கும், அதனால பல தட்டுகளை உறை உறையா வெச்சு ஏடு மாதிரி கட்டி வித்தாங்க, அதுல இருந்துதான் ஆல்பம்ங்கற பேர் இசைக்கு வந்துச்சு. ஆக மூலமே ஏடு. 'இசையேடு'ன்னு சொன்னா என்ன குறை? ஏடுங்கறது பனையோலை, இதழ், பால் மேல படியற ஆடை, எல்லாத்துக்கும் வரும், மெல்லிசா படிஞ்சிருக்கிற எதுவும் ஏடுதான், இசைத்தட்டுல ஒலி படிஞ்சிருக்கிறதும் அப்படித்தானே. கான்செப்டும் 'கைக்கொள்', 'கருக்கொள்'ங்கற பொருள்ல வர்ற இலத்தீன் வினையில பிறந்ததுதான், நம்ம கருத்தும் கருவும் அதே மாதிரி...

மு. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

ந. எழுதியது:

வணக்கம், ஸ்காபரோவில இருந்து எழுதுறன். ரஷ் எங்கட ஊர்க் குழு எண்டபடியால் பேசாமல் இருக்க ஏலாது. லீயும் லைஃப்சனும் டொராண்டோவின்ர வடக்குப் பக்கம் வில்லோடேலில ஒண்டாப் படிச்ச பெடியள். இந்தத் தட்டும் டொராண்டோவிலதான் டெரி பிரவுனோட சேர்ந்து ஒலிப்பதிவு செய்தவை. அய்ன் ராண்ட் கதையைத் தொட்டதால ஒண்டு சொல்லோணும். 1978ல பிரித்தானியாவில ஒரு இசைப் பத்திரிகை இவையள வலதுசாரியள் எண்டும் அதுக்கு மேல பாசிசவாதியள் எண்ட மாதிரியும் எழுதினது. கெடி லீயின்ர தாயும் தகப்பனும் போலந்து யூதர், நாஜியளின்ர வதைமுகாமில இருந்து உயிர் தப்பி கனடாவுக்கு வந்தவை. லைஃப்சன்ர குடும்பம் யூகோஸ்லாவியாவில இருந்து வந்த செர்பியர். அப்பிடி வந்த வீட்டுப் பிள்ளையளப் பாத்து அந்தச் சொல்லைச் சொன்னால் எப்பிடி நோகும்? ஒரு அதிகாரம் உன்ர பாட்டு வேண்டாம் எண்டு நொறுக்கிற கதையில அவைக்கு என்ன கேட்டிருக்கும் எண்டு இங்க வந்து சேர்ந்த எங்களுக்கு விளங்கும். பாடநூலில நன்றிக் குறிப்பை மட்டும் போட்டு இதை விட்டிடாதையுங்கோ அக்கா.

சொல்லைப் பற்றி: நாங்கள் ஆல்பத்துக்கு இசைப்பேழை எண்டுதான் சொல்லுவம், சிடிக்கு இறுவட்டு. 'கதைப் பேழை' எண்டு வைக்கலாமே.

த. எழுதியது:

அந்தக் குறிப்பு கட்டாயம் சேரணும், நானும் செ.கிட்ட சொல்றேன். ஆனா கதைப் பேழைல ஒரு சிக்கல். கதை முதல் பக்கத்தோட முடிஞ்சிடுது. ரெண்டாம் பக்கத்துல அஞ்சு பாட்டு, ஒண்ணுக்கும் 2112க்கும் சம்பந்தமில்ல. 'எ பாசேஜ் டு பாங்காக்' ஊர் ஊரா சுத்தற பாட்டு, 'தி ட்விலைட் ஸோன்' பழைய டிவி தொடரப் பத்தினது, 'லெசன்ஸ்', 'டியர்ஸ்', 'சம்திங் ஃபார் நத்திங்' தனித்தனி. அப்ப இது கான்செப்ட் ஆல்பமாங்கறதே கேள்வி. நாம கண்டுபிடிக்கற சொல் இந்த ஆல்பத்துக்கே பொருந்தலன்னா எதுக்கு?

அ. எழுதியது:

இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். தண்டியலங்காரம் செய்யுளை நாலாப் பிரிக்குது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. 'முத்தகச் செய்யுள் தனிநின்று முடியும்', 'குளகம் பலபாட்டு ஒருவினை கொள்ளும்'. இப்ப அந்தத் தட்டைத் திருப்பிப் பாருங்க. ரெண்டாம் பக்கத்து அஞ்சு பாட்டும் ஒவ்வொண்ணும் முத்தகம், தனியா நின்னு முடியுது, சேர்த்து வெச்சதால அந்தப் பக்கம் தொகைநிலை. முதல் பக்கம் தொடர்நிலை. ஒரே தட்டுல ரெண்டும். நமக்கு ஆயிரம் வருஷமா கையில இருக்கிற பாகுபாடு இது, கான்செப்ட் ஆல்பம்ங்கற சொல்லால பிரிச்சுக் காட்ட முடியாததை இது காட்டுது. 'தொடர்நிலை இசை'ன்னு வைங்க.

மு. எழுதியது:

ஏழு பகுதி சேர்ந்துதானே பொருள் முடியுது, அப்ப அது குளகம் இல்லையா ஐயா?

அ. எழுதியது:

இல்லை தம்பி. குளகத்துல கடைசிப் பாட்டுல வர்ற வினை இல்லாம முன்னாடிப் பாட்டு முடியவே முடியாது. இவங்க மேடையில 'ஓவர்ச்சர்', 'டெம்பிள்ஸ் ஆஃப் சிரிங்ஸ்' ரெண்டை மட்டும் தனியா வாசிச்சிருக்காங்கன்னு நேத்து என் பேரன் காட்டினான், கூட்டமே சேர்ந்து பாடுது. தனியாவும் நிக்குது, வரிசையா வெச்சா கதையும் போகுது. கோவை நூல் மாதிரின்னு வேணா சொல்லலாம், திருக்கோவையார்ல 400 பாட்டும் தனித்தனியா முடியும், ஆனா காட்சியில இருந்து படிப்படியா நகரும். 'இசைக்கோவை'யும் நல்ல சொல்லுதான்.

மு. எழுதியது:

இசைக்கோவைன்னு போஸ்டர் ஒட்டினா கோயம்புத்தூர்ல கச்சேரின்னு வண்டி ஏறிடுவாங்க, அது வேணாம்.

த. எழுதியது:

தொடர்நிலைங்கறது எனக்கே பிடிச்சிருக்கு, ஆனா கதை இல்லாத கான்செப்ட் ஆல்பம் நிறைய இருக்கே. பிங்க் ஃபிளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. கதையே கிடையாது. காலம், பணம், சாவு, பித்துன்னு மனுஷன அழுத்தற விஷயங்கள் ஒவ்வொண்ணா வரும். அதுக்கும் முன்னாடி 1955ல ஃபிராங்க் சினாட்ராவோட 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்', எல்லாமே தூக்கம் வராத ராத்திரித் தனிமைப் பாட்டு, ஒண்ணுக்கொண்ணு தொடர்ச்சி இல்ல. இதெல்லாம் தொடர்நிலையா?

அ. எழுதியது:

தொடர்நிலை ரெண்டு வகை அம்மா, பொருளால தொடர்றது, சொல்லால தொடர்றது. அந்தாதி சொல்லால தொடரும். நீங்க சொன்ன நிலாத் தட்டு எப்படி ஆரம்பிக்குது?

த. எழுதியது:

இதயத் துடிப்புல. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி பெருசா இல்லாம ஒண்ணுல ஒண்ணு கரைஞ்சு போகும், கடைசியில அதே இதயத் துடிப்புல முடியும். ஐயா, அந்தாதியில கடைசிப் பாட்டோட முடிவு முதல் பாட்டோட தொடக்கத்துல போய்ச் சேர்ற மாதிரியே இருக்கு, வகுப்புல இத நிச்சயம் சொல்லப் போறேன். ஆனா சினாட்ரா இன்னும் வெளியிலதான் நிக்கறாரு.

மு. எழுதியது:

சினாட்ரா ஒருபொருள். நான் முதல்ல சொன்னதுதான். 'ஒருபொருள்'னு வெச்சா மூணும் உள்ள வருது, தொடர்நிலைன்னா ரெண்டுதான் வருது. கலைச்சொல்லுன்னா எல்லாத்தையும் தாங்கணும், அழகு அப்புறம்.

ந. எழுதியது:

2112 முழுத்தட்டும் ஒருபொருளிலயும் வராதே அண்ணா, ரெண்டாம் பக்கம் பாங்காக்கில எல்லோ நிக்குது. அதோட இன்னொண்டு, அக்காவின்ர வரைவில 'ஞாயிற்றுக் கூட்டாட்சி' எண்டு கிடக்குது. சோலார் எண்டதுக்கு ஞாயிறு சரியான தமிழ்தான், ஆனா நான் வாசிக்கேக்க ஞாயிற்றுக்கிழமை எண்டுதான் விளங்கினது. 'சூரியக் கூட்டமைப்பு' எண்டு மாத்தினால் நல்லம்.

அ. எழுதியது:

காப்பியத்தோட தொடக்கத்துலயே திங்களுக்கு அடுத்து ஞாயிறு போற்றுதும்னு பாடின மொழியில ஞாயிறுன்னா விடுமுறை நாளுன்னு ஆயிடுச்சே. சரி, 'கதிரவக் கூட்டமைப்பு'ன்னாவது போடுங்க. சிரிங்ஸை அப்படியே விடுங்க, அது கிரேக்கக் கதையில நாணலா மாறின பெண், அந்த நாணலைத்தான் வெட்டி ஒரு தெய்வம் குழல் செஞ்சு ஊதுச்சு. இசையை ஒழிக்கிற குருமாருக்குக் குழலோட பேர் வெச்சிருக்கான் அந்தப் பையன் பியர்ட், அது அடிக்குறிப்புல வரணும். குழற்கோயில்னு பெயர்த்துடாதீங்க, அந்தக் கதை போயிடும்.

செ. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு ராத்திரி அனுப்பணும், அதனால இப்படி முடிச்சிருக்கேன். தலைப்புல 'தொடர்நிலை இசைத்தொகுப்பு'. உள்ள முதல் தடவை வர்ற இடத்துல 'கான்செப்ட் ஆல்பம் எனப்படும் தொடர்நிலை இசைத்தொகுப்பு'ன்னு ரெண்டையும் சேர்த்து எழுதியிருக்கேன், பிள்ளைங்க தேட வசதியா. முதல் பக்கத்துப் படைப்புக்கு 'தொடர்நிலைப் பாட்டு'. பேழை அழகான சொல், ஆனா புத்தகம் முழுக்க ஏற்கனவே தொகுப்புன்னு போயிடுச்சு. சூரியக் கூட்டமைப்புன்னு மாத்திட்டேன். கெடி லீ பெற்றோர் பத்தின செய்தியும் சிரிங்ஸ் கதையும் அடிக்குறிப்பா சேர்ந்தாச்சு. பாறை எடுத்தாச்சு.

அ. எழுதியது:

'தொடர்நிலைப் பாட்டு'க்கு முழு ஒப்புதல். முழுத் தட்டையும் தொடர்நிலைன்னு சொல்றதுக்கு என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கிறேன். பாதித் தட்டு தொகைநிலை. மாணவன் தேர்வுல கேட்டா என்ன சொல்லுவீங்க?

மு. எழுதியது:

எனக்கும் மறுப்பு இருக்கு, ஒருபொருள்தான் சரி. ஆனா பெரும்பான்மை அந்தப் பக்கம், சரின்னு விட்டுடறேன். அடுத்த அத்தியாயம் 'தி ஹூ' குழுவோட 'டாமி'ன்னு செ. சொன்னாங்களே, அது ராக் ஓபரா. ஓபராவுக்கு என்ன வெச்சிருக்கீங்க? 'இசைநாடகம்'னா சங்கரதாஸ் சுவாமிகள் ஞாபகம்தான் வரும், இப்பவே சொல்லிட்டேன்.