எம்சிஎஃப்-7 லிப்பிட்: 760 எழும்பல, 782 எகிறுது. உதவி தேவை

மண்டபம் மாணவி:
கட்டக்கோரைப் பாசிச் சாறு கொடுத்த எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு) பார்க்கிறேன். மண்டபத்துல எடுத்த பாசி. குளோரோஃபார்ம்-மெத்தனால்ல பிரிச்சு, பாசிடிவ் மோடில் (நேர்மின் அயனிகளைப் பாக்கிற முறை) நேரடியா மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறு நிறை அளக்கிற கருவி) செலுத்துறோம். பிசி 34:1 (ஃபாஸ்ஃபாட்டிடைல்கோலின்; அதோட கொழுப்பு அமிலங்கள்ல மொத்தம் 34 கார்பன், 1 இரட்டைப் பிணைப்பு) வரவேண்டிய 760.58-ல் பீக் ரொம்பச் சின்னது. 782.57 பெரிசா நிக்குது, சாறு கொடுத்த செல்லில் இன்னும் அதிகம். அதை பிசி 36:4-னு எடுத்து, அதுல இருக்கிற அராக்கிடோனிக் அமிலம் (20 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பு அமிலம்) கூடுதுனு எழுதலாமா? வோல்டேஜ், வெப்பம் எல்லாம் மாத்திப் பாத்தாச்சு.

மதுரை மாஸ்ஸ்பெக்:
இப்ப எழுதிடாதீங்கம்மா. பிசி 34:1 சோடியத்தோட ஒட்டினா 782.567. பிசி 36:4 புரோட்டானோட 782.569. பெரும்பாலான கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதான். 782-ஐக் கருவியிலேயே உடைச்சு, துண்டுகளைப் பாருங்க. 184 (பிசி-யோட தலைத்துண்டு) ஓங்கி நின்னா 36:4. 59 கழிஞ்சு 723.5 வந்தா சோடியம் ஒட்டின 34:1. உங்க 760 எங்கயும் போயிருக்காது, பெரும்பாலும் சோடியத்தோட சேந்து 782-ல உக்காந்திருக்கும்.

தொண்டிக்காரன்:
கடல்பாசி ஆச்சே, சாத்துலயே உப்பு இருக்குமே?

மதுரை மாஸ்ஸ்பெக்:
இருக்கும் தம்பி. ஆனா வளர்ப்பு ஊடகத்துல இருக்கிற உப்புக்கு முன்னாடி அது கொஞ்சம்தான். கடைசியா எதில் கழுவுறீங்க?

மண்டபம் மாணவி:
பிபிஎஸ்-ல (ஃபாஸ்ஃபேட் கலந்த உப்புக் கரைசல்) சார்.

மதுரை மாஸ்ஸ்பெக்:
அதுல சோடியம் குளோரைடு மட்டும் 137 மில்லிமோலார். கடைசிக் கழுவலை மட்டும் குளிர்ந்த 150 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டில் சட்டுனு முடிங்க. அடுக்கு பிரிஞ்சதும் அடியில் இருக்கிற குளோரோஃபார்மை மட்டும் உறிஞ்சுங்க. மேல்நீர் ஒரு சொட்டு கலந்தாலும் உப்பு கூடவே வந்துரும். செலுத்துற கரைப்பானில் 5 மில்லிமோலார் அம்மோனியம் ஃபார்மேட் சேத்துக்குங்க.

இன்னொண்ணு முக்கியம். சாறு செல்லைக் கொல்லுதுனா தட்டுல மிஞ்சுற செல் குறைவு, தங்குற பிபிஎஸ் அதே அளவு. லிப்பிட்டுக்குச் சோடியம் விகிதம் ஏறும், 782-ம் ஏறும். அது மருந்தோட வேலை மாதிரியே தெரியும். செல்லை எண்ணி ஒரே எண்ணிக்கையில் எடுங்க. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்ட பிசி ஸ்டாண்டர்டை, அதாவது அளவு தெரிஞ்ச ஒப்பீட்டுப் பொருளை, பிரிச்செடுக்கறதுக்கு முன்னாடியே சேத்துடுங்க.

பாம்பன் கெமிஸ்ட்:
பிளாஸ்டிக் டியூப்னா கண்ணாடிக்கு மாறுங்க. 338.34-ல பீக் இருந்தா அது எருக்கமைடு, பிளாஸ்டிக்கில் இருந்து குளோரோஃபார்ம் இழுத்துட்டு வர்றது. சின்ன லிப்பிட் சிக்னலை அமுக்கும்.

மண்டபம் மாணவி:
338 இருக்கு சார்! 782-ஐ உடைச்சதுல 184, 723.5 ரெண்டும் வருது. அசிடேட்டில் கழுவின கன்ட்ரோலில் (சாறு கொடுக்காத செல்) 760 நல்லா எழும்பிருச்சு, 723.5 ரொம்பக் குறைஞ்சிருக்கு. சாறு கொடுத்ததை இனிமேதான் எண்ணி எடுக்கணும். பிஇ (ஃபாஸ்ஃபாட்டிடைல்எத்தனாலமின், இன்னொரு வகை லிப்பிட்) இன்னும் தெரியல.

மதுரை மாஸ்ஸ்பெக்:
நேரடியா செலுத்தும்போது பிசி அதை அமுக்கும். நெகடிவ் மோடில் (எதிர்மின் அயனிகளைப் பாக்கிற முறை) பாருங்க, இல்ல ஹிலிக் (லிப்பிட்டை வகைவாரியா பிரிக்கிற) பிரிகுழாய் போட்டு பிசி, பிஇ ரெண்டையும் பிரிங்க.